தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டிலிருந்தே வீடியோக்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறேன். பெரும்பாலும் இரவு வேலை. இருப்பது ஒரே அறை. மூன்று வயது மகள் நாலடி தள்ளித் தூங்குகிறாள். இப்போதுள்ள கம்ப்யூட்டர் திடீரென்று இரைய ஆரம்பிக்கும்போதெல்லாம் அவள் புரண்டு படுக்கிறாள். நானே பாகங்களை வாங்கிப் புதிதாக ஒன்றைப் பூட்டப்போகிறேன். 170 வாட் பிராசஸர், வாட்டர் கூலர், தனி கிராபிக்ஸ் கார்டு, 850 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), ஆறு விசிறி உள்ள கண்ணாடி கேபினட் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எல்லாமே 'சைலன்ட்' என்று போட்டிருப்பதாகப் பார்த்துத்தான் எடுத்தேன். இதில் எதையாவது மாற்ற வேண்டுமா?

பதில்: பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் கடிதத்தின் முதல் வரிக்குத் திரும்பப் போனேன். சப்டைட்டில் வேலை எப்படி நடக்கும்? வீடியோ ஓடும், நிற்கும், ஐந்து விநாடி பின்னால் போகும், மறுபடி ஓடும். பக்கத்தில் எழுதும் ஜன்னல், ஓர் அகராதி, பத்துப் பதினைந்து பிரவுசர் பக்கங்கள். எப்போதாவது எழுத்தை வீடியோவோடு சேர்த்து ரெண்டர் செய்வீர்கள். அந்த நேரம் தவிர உங்கள் கம்ப்யூட்டர் பாதி தூக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் போட்ட பட்டியலோ நாள் முழுக்க ஓடவேண்டிய ஒரு பட்டறைக்கானது.

நானும் இந்தத் தவறைச் செய்தேன். பல வருடங்களாக வீட்டில் குரல் பதிவு எடிட் செய்து வருகிறேன். முதல் முறை கம்ப்யூட்டர் பூட்டியபோது சூடான பிராசஸரை வாங்கினேன். மைக்கில் இரைச்சல் விழுந்தது. கேபினட்டின் உள்பக்கம் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டினேன். காற்று போக வழி குறைந்தது, சூடு ஏறியது, விசிறிகள் இன்னும் வேகமாகச் சுற்றின. ஒட்டுவதற்கு முன்பு இருந்ததைவிட அதிக சத்தம். அன்றைக்கு ராத்திரியே எல்லா ஸ்பாஞ்சையும் பிய்த்தெடுத்தேன். உண்டான சூட்டை வெளியேற்றத்தான் விசிறி. அந்தச் சூட்டையே உண்டாக்காமல் இருந்தால் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படும் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும். அதனால் பிராசஸரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கு முழுக் கணக்கு அல்ல. ஏஎம்டி நிறுவனத்தின் 170 வாட் பிராசஸர் அவர்களுடைய ஏஎம்5 வகை மதர்போர்டில் 230 வாட் வரை இழுக்கலாம். 65 வாட் என்று போட்டிருப்பதற்கு அந்த உச்சவரம்பு 88. இன்டெல்லில் இடைவெளி இன்னும் பெரிது: ஐ7-13700க்கு அடிப்படை எண் 65தான், டர்போ வேகத்தில் 219 வரை ஏறும். கடையில் கண்ணில் படுவது முதல் எண். விசிறி ஓடுவது இரண்டாவது எண்ணுக்காக. அதையே தேடிப் பாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஏஎம்டியின் ரைசன் 5 8600ஜி. ஆறு கோர், 65 வாட், உள்ளேயே ரேடியான் 760எம் கிராபிக்ஸ். தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அதோடு இரண்டு மூன்று விசிறிகளும் ஒரு பெரிய சூடும் பட்டியலிலிருந்து போய்விடும். ரைசன் 5 9600எக்ஸ் இதைவிட வேகமானதுதானே, அதுவும் 65 வாட்தானே என்று நீங்கள் கேட்கலாம். வேகமானதுதான். ஆனால் அது ஒன்றுக்கு மேற்பட்ட சில்லுகளைச் சேர்த்துச் செய்தது. அந்தச் சில்லுகளுக்கு இடையே தரவு போய் வரும் பாதை சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும். 8600ஜி ஒரே சில்லு. வேலையில்லாத நேரத்தில் நன்றாக அடங்கிவிடும். உங்கள் கம்ப்யூட்டர் அதிக நேரம் இருக்கப்போவது அந்த நிலையில்தான்.

அப்புறம், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரை) ஈகோ மோடு என்ற மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். 8600ஜியை 45 வாட் அளவுக்கு இறக்கி ஓட்டலாம். வேகம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். பிராசஸர் குடிக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து ஏறும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸை எட்ட வோல்டேஜை நிறையத் தூக்கவேண்டும். சூட்டில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. நான் இப்போது வைத்திருக்கும் எட்டு கோர் பிராசஸரை 142 வாட் வரம்பிலிருந்து 88க்கு இறக்கினேன். 20 நிமிடம் ஓடிய ரெண்டர் 22 நிமிடம் ஆனது. கூலர் விசிறி நிமிடத்துக்கு 1,400 சுற்றிலிருந்து 800க்கு வந்தது. அந்த இரண்டு நிமிடத்தை நான் மனமாரக் கொடுக்கிறேன்.

கூலருக்கு வருவோம். வாட்டர் கூலரை எடுத்துவிடுங்கள். அதிலும் ரேடியேட்டரில் விசிறி உண்டு. கூடவே ஒரு பம்ப், அது ஒருபோதும் நிற்காது. நாள்பட்டு உள்ளே காற்றுக்குமிழ் சேர்ந்தால் கொடகொடவென்ற சத்தமும் வரும். 88 வாட்டுக்கு நாலைந்து ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) உள்ள, 120 மி.மீ. விசிறி போட்ட, கோபுரம் மாதிரி நிற்கும் ஒரு டவர் கூலர் தாராளம். வாங்கும் முன் உயரத்தைப் பாருங்கள். பலவும் 155 முதல் 165 மி.மீ. வரை நிற்கும், கேபினட்டின் குறிப்பில் கூலருக்கு எவ்வளவு உயரம் இடம் என்று போட்டிருக்கும். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பக்கக் கதவு மூடாமல் தவிப்பவர்கள் நிறைய.

இப்போது விசிறி. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். விசிறியின் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். சரி, பாதிக் காற்று போதாதே என்றால் அதே மாதிரி இன்னொரு விசிறி போடுங்கள். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஆக, 1,500 சுற்றில் ஓடும் ஒன்றுக்குப் பதில் 750 சுற்றில் ஓடும் இரண்டை வைத்தால் கிட்டத்தட்ட அதே காற்று, சத்தம் 12 டெசிபல் குறைவு. 140 மி.மீ. விசிறியாக இருந்தால் இன்னும் மெதுவாக ஓட்டலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வேகம் பாதியாகும்போது காற்றைத் தள்ளும் அழுத்தம் கால்வாசியாகிவிடும். மெதுவாக ஓடும் விசிறியால் அடைப்பைத் தாண்டிக் காற்றை இழுக்க முடியாது. முன்பக்கம் கண்ணாடி போட்டு ஓரத்தில் ஒரு விரல் சந்து மட்டும் விட்ட கேபினட் உங்களுக்கு ஆகாது என்பது இதனால்தான். முன்பக்கம் முழுக்க வலையாக இருக்கும் கேபினட் எடுங்கள். வலை வழியே சத்தம் வெளியே வராதா என்றால், உள்ளே சத்தமே இல்லாதபோது வர என்ன இருக்கிறது? முன்னால் 140 மி.மீ. விசிறி இரண்டு, பின்னால் ஒன்று, அவ்வளவு போதும். விசிறியின் இதழுக்கு மிக அருகில் தகரத்தில் துளையிட்ட தட்டு இருந்தால் அதில் காற்று மோதி ஒரு ரீங்காரம் வரும். கம்பி வளையமோ நல்ல இடைவெளியோ உள்ள கேபினட்டில் அது இருக்காது.

மதர்போர்டில் அலங்காரம் வேண்டாம். பி650 சிப்செட் (மதர்போர்டில் மற்ற பாகங்களை பிராசஸரோடு இணைக்கும் சில்லு) போதும். எக்ஸ்670இ என்பது அதே வகைச் சிப்செட் சில்லு இரண்டு சேர்ந்தது. உங்களுக்குத் தேவைப்படாத இரண்டாவது சில்லும் சதா மின்சாரம் எடுக்கும். பழைய போர்டு யாராவது தந்தால் ஜாக்கிரதை: 2019இல் வந்த எக்ஸ்570 போர்டுகளில் பெரும்பாலானவற்றில் சிப்செட் மேல் ஒரு குட்டி விசிறி இருக்கும். குட்டி விசிறியின் கீச்சுக்குரல் பெரிய விசிறியின் காற்றொலியைவிட அதிகம் உறுத்தும். ரேம் 16 ஜிபியில் இரண்டு. எஸ்எஸ்டி பிசிஐஇ 4.0 வகையில் ஒன்று, 5.0 வகை உங்கள் வேலையில் வேகமாகத் தெரியாது, சூடு மட்டும் கூடும்.

இப்படிப் பூட்டினால் முழுச் சுமையிலும் 150 வாட்டைத் தாண்டாது. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் 25, 30 வாட் பக்கம் நிற்கும். கேபினட்டை மேசைமேல் வைக்காமல் கீழே, மகள் படுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் வையுங்கள். பின்பக்க விசிறியைச் சுவரோடு ஒட்டவிடாதீர்கள்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது கோல்டா, பிளாட்டினமா, டைட்டானியமா? அதிக வாட் வாங்கினால் விசிறி சுற்றாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இந்தப் பெயர்கள் எஸ்எம்பிஎஸ் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரையின் தரங்கள். அந்த முத்திரை 2004இல் வந்தது. 115 வோல்ட் சோதனையில் கோல்டு என்றால் பாதிச் சுமையில் 90 சதவீதத் திறன், பிளாட்டினம் என்றால் 92. உங்கள் கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு 100 வாட் தேவை என்று வைத்துக்கொண்டால் கோல்டு சுவரிலிருந்து 111 வாட் எடுக்கும், பிளாட்டினம் 109 வாட்டுக்குச் சற்றுக் கீழே. வித்தியாசம் இரண்டரை வாட். தினம் எட்டு மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 7 யூனிட்.

இதைவிட முக்கியமானது முத்திரையில் தெரியாத பகுதி. கோல்டுக்கும் பிளாட்டினத்துக்கும் மிகக்குறைந்த சோதனைச் சுமை 20 சதவீதம். டைட்டானியத்துக்கு மட்டும் 10 சதவீதத்திலும் சோதிப்பார்கள். 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 30 வாட் கம்ப்யூட்டர் ஓடினால் சுமை 4 சதவீதம்கூட இல்லை. அந்த இடத்தில் கோல்டு நல்லதா மோசமா என்று முத்திரை எதுவுமே சொல்லாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு 450 முதல் 550 வாட் போதும்.

விசிறி விஷயம் ஓரளவு உண்மை. குறைந்த சுமையில் விசிறியை முழுக்க நிறுத்திவிடும் எஸ்எம்பிஎஸ்கள் உண்டு. 450 வாட்டிலேயே கிடைக்கும். ஆனால் நின்று நின்று சுற்றும் விசிறியைவிட எப்போதும் மெதுவாகச் சுற்றும் நல்ல விசிறி எனக்குப் பிடிக்கும். நிற்கும் விசிறி கிளம்பும் அந்த 'டக்' ராத்திரியில் தனியாகக் கேட்கும். சைபெனடிக்ஸ் என்ற சோதனைக்கூடம் எஸ்எம்பிஎஸ்ஸின் சத்தத்தை அளந்து லாம்டா என்ற தரம் கொடுக்கிறது. ஏ++ என்றால் 15 டெசிபலுக்குக் கீழ், ஏ+ என்றால் 15 முதல் 20. எந்த உலோகத்தின் பெயர் என்று பார்ப்பதற்கு முன்னால் நான் இதைப் பார்ப்பேன்.

கேள்வி: எல்லாம் நல்ல பாகங்களாகத்தான் போட்டேன். சும்மா பிரவுசர் திறந்தாலே கூலர் விசிறி 'உஸ்...' என்று ஏறுகிறது, ஐந்து விநாடியில் இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. பைத்தியம் பிடிக்கிறது. கூலரை மாற்றவா?

பதில்: மாற்ற வேண்டாம். ஒரு பைசா செலவில்லாமல் சரியாகும்.

இன்றைய பிராசஸர் ஒரு பக்கத்தைத் திறக்கும் அரை விநாடிக்கு உச்ச வேகத்துக்குப் பாய்ந்துவிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் சில்லின் ஒரு மூலையில் சூடு 15, 20 டிகிரி குதிக்கும். கூலரின் உலோகத்துக்கு அந்தச் சூடு போய்ச் சேரவே இல்லை, அதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் மதர்போர்டு அந்த எண்ணைப் பார்த்ததும் விசிறியை முடுக்குகிறது. குளிர வைக்க அங்கே ஒன்றுமே இல்லை. சத்தம் மட்டும்தான் லாபம்.

பயாஸில் ஃபேன் பகுதிக்குப் போங்கள். 65 டிகிரி வரைக்கும் விசிறியை ஒரே குறைந்த வேகத்தில், 35 சதவீதம் மாதிரி, படுக்கைக்கோடாக வையுங்கள். அதற்கு மேல் மெல்லச் சாய்வாக ஏறட்டும். ஸ்டெப் அப் என்றோ ஸ்மூத்திங் என்றோ ஓர் அமைப்பு இருக்கும்; சூடு எத்தனை விநாடி நீடித்தால் விசிறி ஏறவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. கிடைக்கும் அதிகபட்ச விநாடியைக் கொடுங்கள். கேபினட் விசிறிகளை பிராசஸர் சூட்டோடு கட்டவே வேண்டாம், மதர்போர்டு சூட்டோடு கட்டுங்கள். அது மெதுவாகத்தான் அசையும்.

80 டிகிரியைப் பார்த்துப் பதற வேண்டாம். ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. எப்போதாவது வரும் 80 டிகிரி உங்கள் பிராசஸரை ஒன்றும் செய்யாது.

இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு உண்மையிலேயே நன்றி. காது ஒரே சீரான சத்தத்தைப் பத்து நிமிடத்தில் மறந்துவிடும். ஏறி இறங்கும் சத்தத்தை ஒருபோதும் மறக்காது. டெசிபல் எண்ணை மட்டும் ஒப்பிடும் விமர்சனங்களில் இது வராது. முதல் கேள்வி கேட்ட தாய்க்கும் இதைச் சொல்வேன்: உங்கள் மகள் புரள்வது சத்தத்தாலா, சத்தம் மாறுவதாலா என்று கவனியுங்கள். மாறுவதால் என்றால் புதிய கம்ப்யூட்டர் வரும்வரை பழையதிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

கேள்வி: விசிறி இல்லை, வேறு ஏதோ 'கிர்ர்' என்று கேட்கிறது. மவுஸில் பக்கத்தை நகர்த்தும்போது மட்டும். பழுதா?

பதில்: பழுதில்லை. மதர்போர்டிலும் கிராபிக்ஸ் கார்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் காயில்கள் உண்டு. அவற்றில் ஓடும் மின்னோட்டம் விட்டுவிட்டு மாறும்போது கம்பிச்சுற்று நுண்ணிய அளவில் அதிரும்; அந்த மாற்றம் காது கேட்கும் அலைவரிசையில் விழுந்தால் கீச்சென்று கேட்கும். செராமிக் கெபாசிட்டர்களும் இப்படி அதிர்ந்து பாடக்கூடியவை. திரை நகரும்போது சுமை ஏறி இறங்குவதால் அப்போது கேட்கிறது.

கேம் ஆடும்போது கேட்டால் பிரேம் அளவுக்கு உச்சவரம்பு போடுங்கள். மெனுவில் நிற்கும்போது நொடிக்குப் பல நூறு பிரேம் வரைந்துகொண்டிருக்கும், அதுதான் கத்துகிறது. மற்றபடி, சத்தம் எங்கிருந்து என்று ஒரு காகிதத்தைச் சுருட்டிக் காதில் வைத்துத் தேடுங்கள். எஸ்எம்பிஎஸ் என்றால் மாற்றித்தரக் கேட்கலாம். பயாஸில் சி-ஸ்டேட்டை (வேலையில்லாதபோது பிராசஸர் தூங்கும் நிலை) நிறுத்தினால் போய்விடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சில கம்ப்யூட்டர்களில் போகும். ஆனால் அது பிராசஸரைத் தூங்கவிடாமல் செய்கிற வேலை. சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கூடும். நான் செய்யமாட்டேன்.

கேள்வி: பழைய ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டைப் புதிய கேபினட்டில் மாட்டினேன். மேசையே 'வ்வூம்... வ்வூம்' என்று அலை மாதிரி முனகுகிறது.

பதில்: நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 தடவை சுற்றுகிறது. அந்த அதிர்வு கேபினட் தகரத்துக்குப் போய், தகரம் முரசுத்தோல் மாதிரி அதைப் பெரிதாக்குகிறது. இரண்டு டிஸ்க்குகளின் வேகத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் இரண்டு ஒலியும் சேர்ந்தும் விலகியும் நீங்கள் சொல்லும் அலையை உண்டாக்கும்.

இப்போதே ஒரு சோதனை செய்யுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, டிஸ்க்குகளைக் கழற்றி, கேபினட்டின் அடியில் தடித்த ஸ்பாஞ்ச் துண்டின்மேல் வைத்து ஒயரை மாட்டுங்கள். முனகல் நின்றால் காரணம் உறுதி. ரப்பர் வளையம் வைத்துப் பூட்டும் தட்டு ஓரளவு உதவும். எலாஸ்டிக் நாடாவில் தொங்கவிடுவது இன்னும் நன்றாக வேலை செய்யும், கேபினட்டைத் தூக்கும்போது மட்டும் கவனம். தினசரி வேலைக்கு எஸ்எஸ்டி, பழைய டிஸ்க்குகள் வாரம் ஒருமுறை மாட்டி நகல் எடுக்க மட்டும் என்று பிரித்துவிட்டால் பிரச்சினையே இல்லை. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: விசிறியே இல்லாமல் பூட்ட முடியுமா?

பதில்: முடியும். ஸ்ட்ரீகாம் நிறுவனத்தின் டிபி4 மாதிரி கேபினட்டே ஹீட் சிங்க்காக (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகமாக) இருக்கும் வகை உண்டு. 65 வாட் பிராசஸர் வரை தாங்கும். 2021இல் நாக்டுவா, விசிறி இல்லாமலே வேலை செய்யும் என்எச்-பி1 என்ற பெரிய கூலரைக் கொண்டுவந்தது. தூசி சேராது, தேய ஒன்றுமில்லை.

ஆனால் விசிறி போனதும் முந்தைய கேள்வியில் சொன்ன காயில் சத்தம் தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். எஸ்எஸ்டி, மதர்போர்டின் மின்பகுதி எல்லாமே காற்றில்லாமல் வேகும். அதனால் முதலில் ஒரே ஒரு 140 மி.மீ. விசிறியை 400 சுற்றில் வைத்துப் பூட்டுங்கள். ராத்திரி எல்லாம் அடங்கியபின், வேலை செய்யும் நாற்காலியிலேயே உட்கார்ந்து, வேறொருவரை அந்த விசிறியை மட்டும் நிறுத்தவும் ஓடவிடவும் சொல்லுங்கள். எப்போது நின்றது என்று உங்களால் சரியாகச் சொல்ல முடிந்தால் விசிறியில்லாத கேபினட்டுக்குச் செலவு செய்யுங்கள்.